"இன்னும் நாள் இருக்குல்ல": பண்டிகை வேலையைத் தள்ளிப்போடுறவங்களுக்கு அக்கா பதில்கள்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம் தான். பண்டிகை வேலை, பரிசு வாங்குறது, எல்லாம் கடைசி நேரத்துல போய் நிக்குது, என்ன பண்றதுன்னு. சிலருக்கு இன்னும் மாசக்கணக்குல நாள் இருக்கு, ஒருத்தருக்கு பத்தே நாள் தான். எல்லாருக்கும் தனித்தனியா எழுத இடம் பத்தாது, அதனால ஆறு கேள்விய எடுத்துக்கிட்டேன்.

அக்கா, பண்டிகை முடிஞ்ச மறுநாள் வீட்டைப் பெருக்கும்போதே அடுத்த வருஷம் எல்லாத்தையும் ஒரு மாசம் முன்னாடி முடிச்சிடணும்னு மனசுக்குள்ள சத்தியம் பண்ணிக்குவேன். ஆனா கடைசி வாரம் வந்தா தான் கை கால் ஓடுது. ஆபீஸ்ல ஒரு வேலைய கூட நான் லேட்டா குடுத்ததில்ல. வீட்டு விஷயத்துல மட்டும் ஏன் இப்படி? நான் சோம்பேறியா?
(பேர் போட வேண்டாம்னு கேட்ட வாசகி)

இல்லம்மா, சோம்பேறி இல்ல. ஆபீஸ்ல ஒரு நாள் கூட தவறாதவங்களுக்கு சோம்பல் வீட்டு வாசப்படியில மட்டும் எப்படி வந்து ஒட்டிக்கும்? வித்தியாசம் உங்ககிட்ட இல்ல, வேலை வந்து சேர்ற விதத்துல இருக்கு. ஆபீஸ்ல வேலை ஏற்கனவே நறுக்கி வச்ச காய் மாதிரி வருது, இன்ன ரிப்போர்ட், இன்ன தேதி, இன்னார்கிட்ட குடுக்கணும். வீட்ல "பண்டிகைக்கு ரெடி ஆகணும்"னு ஒரே மூட்டையா வருது, அதை எங்க பிடிச்சு தூக்குறதுன்னே தெரியாது, அதனால நாளைக்கு பாத்துக்கலாம்னு ஓரமா தள்ளி வைக்கிறோம்.

இன்னொன்னு, மனசு போடுற கணக்கே தப்பு. எவ்வளவு நேரம் ஆகும்னு யோசிக்கும்போது எல்லாம் நல்லபடியா நடக்குற ஒரு நாளைத்தான் மனசு படம் போட்டுக் காட்டும், போன வருஷம் பட்ட பாடு ஞாபகத்துலயே வராது. டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கின்னு ரெண்டு உளவியலாளர்கள் 1979லயே இதுக்கு பேர் வச்சு எழுதிட்டாங்க. அப்புறம் 1994ல கனடாவுல ரோஜர் பியூலர்னு ஒருத்தரும் அவரோட ஆட்களும், பட்டப்படிப்பு ஆய்வுக்கட்டுரை எழுதிக்கிட்டு இருந்த மாணவர்கள்கிட்ட எப்ப முடிப்பீங்கன்னு கேட்டாங்க. சராசரியா 34 நாள்னு சொன்னாங்க. சரி, எல்லாமே கோளாறா போனா எவ்வளவு நாள் ஆகும்னு கேட்டா சுமார் 49 நாள்னாங்க. நிஜத்துல ஆனது 55 நாளுக்கு மேல. யோசிச்சு பாருங்க, மோசமா போனா இவ்வளவுன்னு அவங்களே போட்ட கணக்கையும் தாண்டிடுச்சு.

இதுக்கு ஒரு மருந்து இருக்கு, அது நம்ம விஷயத்துலயே பரிசோதிச்ச மருந்து. 2004ல ஜஸ்டின் க்ரூகர், மேட் எவன்ஸ்னு ரெண்டு பேர் பண்டிகை ஷாப்பிங்கையே எடுத்து ஆய்வு பண்ணாங்க. ஒரு கூட்டத்துகிட்ட ஷாப்பிங் எப்ப முடியும்னு சும்மா கேட்டாங்க. இன்னொரு கூட்டத்துகிட்ட யார் யாருக்கு வாங்கணும்னு ஒவ்வொரு பேரா எழுத வச்சுட்டு அப்புறம் கேட்டாங்க. பேர் எழுதினவங்க இன்னும் அதிக நேரம் ஆகும்னு சொன்னாங்க. மூட்டையை அவிழ்த்து உள்ள இருக்கறத வெளிய எடுத்து வச்சா தான் அதோட கனம் கண்ணுக்கு தெரியுது, அவ்வளவு தான் சூட்சுமம்.

இன்னைக்கு ராத்திரியே ஒரு பேப்பர் எடுங்க. மேல "அப்பா, சட்டை"ன்னு எழுதுங்க. அதுக்கு கீழ: அப்பாவோட இப்போதைய சைஸ் என்னன்னு அம்மாகிட்ட போன் பண்ணி கேக்கணும் (மூணு வருஷம் முன்னாடி இருந்த சைஸ் இல்ல), அரைக்கையா முழுக்கையான்னு கேக்கணும், பாக்கணும், வாங்கணும், வீட்ல வந்து பிரிச்சு தையல் பாக்கணும், சரியில்லன்னா மாத்தணும், விலை ஸ்டிக்கரை கிழியாம எடுக்கணும், பேக் பண்ணணும், ரெண்டு வரி எழுதணும், அவர் கைல கொண்டுபோய் சேக்கணும். ஒரு சட்டைக்கு பத்து வேலை. உங்க லிஸ்ட்ல எட்டு பேர் இருந்தா எம்பது. இது "ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போய்ட்டு வந்தா முடிஞ்சிடும்" வேலையான்னு இப்ப நீங்களே சொல்லுங்க.

இதைப் பாத்து பயந்துடாதீங்க. அந்த எம்பதுல முதல் வேலை அம்மாவுக்கு ஒரு போன், நாலு நிமிஷம். ரெடி ஆகணும்ங்கறத ஆரம்பிக்கவே முடியாது, அம்மாவுக்கு போன் பண்றத இப்பவே ஆரம்பிக்கலாம்.

வரிசை எப்படின்னு கேட்டா என் கருத்து ஒன்னே ஒன்னு. அடுத்தவங்க கையில இருக்கற வேலை முதல்ல. தைக்க குடுக்கறது, அச்சடிக்க குடுக்கறது, பேர் பொறிக்க குடுக்கறது, வெளியூருக்கு பார்சல், டிக்கெட், இதெல்லாம் நீங்க எவ்வளவு வேகமா ஓடினாலும் உங்க வேகத்துக்கு வராது, அவங்க வேகத்துக்கு தான் வரும். உங்க கையாலயே செய்யற வேலை, அதாவது வீடு துடைக்கறது, அலங்காரம், பேக்கிங் இதெல்லாம் பின்னாடி போகலாம். நாம பெரும்பாலும் தலைகீழா செய்றோம், அலமாரியை அடுக்கி திருப்தி பட்டுக்கிட்டு தையல்காரர்கிட்ட போகும்போது அவர் கைய விரிச்சிடறார்.

எனக்கு பரிசு வாங்குறதுன்னாலே பதட்டமா இருக்கு அக்கா. மனைவிக்கு, அவங்க தங்கச்சிக்கு, என் நண்பனுக்குன்னு போன்ல தேடி தேடி கார்ட்ல நாப்பது பொருள் போட்டு வச்சிருக்கேன், ஒன்னு கூட ஆர்டர் பண்ணல. ஒரு மாசமா தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் இதுலயே போகுது. வாங்கவும் முடியல, விடவும் முடியல.
(31 வயசு, கல்யாணமாகி ரெண்டு வருஷம்)

தம்பி, உங்க கேள்விய படிச்சப்ப மனசுக்கு ரொம்ப நெருக்கமா இருந்துச்சு. தினம் ஒரு மணி நேரம் தேடுற ஆளை தள்ளிப்போடுற ஆள்னு வெளிய யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா இதுவும் அதே தான். தேடுறது வேலை செய்ற மாதிரி தோணும், முடிவு எடுக்கற அந்த ஒரு நொடிய மட்டும் தள்ளி வச்சுக்கிட்டே இருக்கீங்க.

ஏன்? பிடிக்கலன்னா என்ன பண்றதுன்னு பயம். மனைவி பிரிச்சு பாக்கும்போது முகம் லேசா வாடிடுச்சுன்னா? இவ்வளவு தான் என்னைய புரிஞ்சு வச்சிருக்கியான்னு நினைச்சுட்டா? இந்த பயத்தை தினம் ராத்திரி இன்னும் பத்து பொருள் பாத்து ஆத்திக்கிறீங்க. ஃபியூஷியா சிரோய், டிமதி பிச்சில்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2013ல இதைத்தான் எழுதினாங்க, தள்ளிப்போடுறது நேரத்தை நிர்வகிக்க தெரியாததால வர்ற கோளாறு மட்டும் இல்ல, ஒரு வேலை தர்ற சங்கடமான உணர்ச்சிலேர்ந்து அப்போதைக்கு தப்பிக்கிற வழின்னு. அதனால தான் டைம்டேபிள் போட்டாலும் சில பேருக்கு வேலை நகர மாட்டேங்குது. பிரியம் இல்லாதவங்களுக்கு வாங்கும்போது இந்த பயமே வராது கவனிச்சீங்களா, ஆபீஸ்ல சீட்டு குலுக்கி வந்த பேருக்கு அஞ்சு நிமிஷத்துல வாங்கிடுவீங்க.

உங்க தலைமேல இருக்கற பாரத்தை கொஞ்சம் இறக்கி வைக்க ஒரு விஷயம் சொல்றேன். ஃப்ரான்சிஸ் ஃப்ளின், கேப்ரியேல் ஆடம்ஸ் ரெண்டு பேரும் 2009ல வெளியிட்ட ஆய்வுல, குடுக்கறவங்க விலை கூட கூட வாங்கறவங்களுக்கு சந்தோஷமும் கூடும்னு நம்புறாங்க, வாங்கினவங்ககிட்ட கேட்டா விலைக்கும் அவங்க சந்தோஷத்துக்கும் அப்படி ஒரு தொடர்பு தெரியல. அதனால இதை விட கொஞ்சம் நல்லது, அதை விட கொஞ்சம் காஸ்ட்லின்னு நீங்க ஏறிக்கிட்டே போற படியில உங்க மனைவி உங்ககூட ஏறல, கீழயே தான் நிக்கிறாங்க.

செய்ய வேண்டியது இது. நாப்பதையும் அழிச்சிடுங்க. நிஜமா, எல்லாத்தையும். அப்புறம் போனை தள்ளி வச்சுட்டு போன ஒரு மாசத்துல அவங்க வாய்விட்டு சொன்ன குறை எதுன்னு யோசிங்க. "இந்த பை ஜிப் திரும்ப போயிடுச்சு", "கழுத்து வலிக்குது இந்த தலகாணியால", "எழுதிட்டு இருக்கும்போதே பேனா நின்னுடுது", இந்த மாதிரி ஒன்னு கண்டிப்பா இருக்கும். அது தான் பரிசு. அது கிடைச்ச பிறகு தேடினா நாப்பது பொருள் வராது, பைன்னா பை. மூணே மூணு பாருங்க, அரை மணி நேரத்துக்கு அலாரம் வைங்க, அலாரம் அடிக்கும்போது மூணுல எது கையில இருக்கோ அதை வாங்கிடுங்க. எது ரொம்ப சிறந்ததுன்னு தேடாம, எது போதுமானதுன்னு கேளுங்க. ஹெர்பர்ட் சைமன்னு நோபல் பரிசு வாங்கின அறிஞர் 1950கள்லயே சொன்ன வழி இது, எல்லா வாய்ப்பையும் அலசி முடிக்க மனுஷனால ஆகாது, முன்கூட்டியே ஒரு அளவு வச்சுக்கிட்டு அந்த அளவுக்கு வந்தது கிடைச்சதும் நிறுத்திக்கணும்னு.

நண்பனுக்கும் கொழுந்தியாளுக்கும் நேரடியாவே கேட்டுடுங்க. "உனக்கு என்ன வேணும், மூணு சொல்லு, அதுல ஒன்னு வாங்குவேன், எதுன்னு சொல்ல மாட்டேன்." கேட்டு வாங்கினா பாசம் கொறஞ்சிடும்னு யார் சொன்னது? கேட்டு, ஞாபகம் வச்சு, வாங்கி தர்றதுல பாசம் கூடத்தான் செய்யும்.

சீக்கிரமே வாங்கி வச்சேன், ஆனா எங்க ஒளிச்சு வச்சேன்னு மறந்து திரும்ப வாங்கினேன். முன்கூட்டி வாங்குறதே வீண்னு வீட்ல சொல்றாங்க.
(ஒரு பாட்டி)

வீண் இல்லம்மா, இடம் தான் பிரச்சனை. எல்லாத்துக்கும் ஒரே இடம், ஒரே பெட்டி. வெளிய "பழைய பில்"னு எழுதி ஒட்டிடுங்க, பேரப்பிள்ளைங்க யாரும் திறக்க மாட்டாங்க. வாங்கின அன்னைக்கே ஒரு துண்டு சீட்டுல யாருக்கு, என்ன, எந்த தேதி வரைக்கும் மாத்திக்கலாம்னு எழுதி பில்லோட பின் அடிச்சு உள்ள போடுங்க. அந்த மாத்துற தேதி முக்கியம், ரொம்ப முன்னாடி வாங்கினா பண்டிகைக்குள்ள அந்த கெடு முடிஞ்சிடும். அதனால சைஸ் பாக்கற பொருளை மட்டும் ரொம்ப முன்னாடி வாங்காதீங்க, மத்ததெல்லாம் வாங்கலாம்.

அக்கா, வீட்ல ரெண்டு சின்ன பசங்க, ரெண்டு பேரும் வேலைக்கு போறோம். பண்டிகைன்னா எல்லா லிஸ்ட்டும் என் தலைக்குள்ள தான் ஓடுது. ராத்திரி படுத்தா அத்தைக்கு வாங்கல, டீச்சருக்கு வாங்கல, விருந்தாளி வந்தா போர்வை பத்தாதுன்னு ஒன்னு மாத்தி ஒன்னு வந்து தூக்கமே வரல. அவர்கிட்ட சொன்னா "பண்ணிக்கலாம், என்ன செய்யணும்னு சொல்லு"ங்கறார். சொல்றதே பெரிய வேலையா இருக்கு. அதனாலயே தள்ளி தள்ளி போகுது.
(ஒரு அம்மா)

"சொல்றதே பெரிய வேலை." இந்த ஒரு வரிய வெட்டி எடுத்து பல வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டலாம்.

முதல்ல தூக்கம். முடியாத வேலை மனசை விடாம தட்டிக்கிட்டே இருக்கும்னு ரொம்ப காலமா சொல்றாங்க. ஆனா மாசிகாம்போ, பாமைஸ்டர்னு ரெண்டு உளவியலாளர்கள் 2011ல ஒரு நல்ல விஷயம் காட்டினாங்க, அந்த வேலைய முடிக்கணும்னு கூட இல்ல, எப்ப எப்படி செய்யப்போறோம்னு தெளிவா ஒரு திட்டம் எழுதிட்டாலே மனசு அந்த தட்டல நிறுத்திக்குதுன்னு. ராத்திரி ஒரு மணிக்கு அத்தைக்கு வாங்கவா முடியும்? ஆனா "அத்தை, சால்வை, வியாழக்கிழமை பையனை டான்ஸ் கிளாஸ்ல விட்டுட்டு காத்திருக்கற நேரத்துல"ன்னு எழுத முடியும். தலகாணி பக்கத்துல ஒரு நோட்டும் பேனாவும் வைங்க. போன் வேண்டாம், போன் எடுத்தா வேற எங்கயாவது கூட்டிட்டு போயிடும்.

அந்த "வியாழக்கிழமை, டான்ஸ் கிளாஸ் வாசல்ல"ங்கற பகுதிய விட்டுடாதீங்க, அதுல தான் பலமே இருக்கு. பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டாட்டரும் 1997ல செஞ்ச ஆய்வுல மாணவர்கள்கிட்ட கிறிஸ்துமஸ் முந்தின நாள எப்படி கழிச்சீங்கன்னு ஒரு கட்டுரை எழுதி 48 மணி நேரத்துக்குள்ள அனுப்ப சொன்னாங்க. பண்டிகை நேரம், வீடு நிறைய ஆள், அதுல கட்டுரை எழுதறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும். சும்மா சரின்னு சொன்னவங்கள்ல மூணுல ஒரு பங்கு பேர் தான் முடிச்சாங்க. எந்த நேரத்துல, எந்த இடத்துல உக்காந்து எழுதுவேன்னு முன்னாடியே குறிச்சு வச்சவங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல முடிச்சாங்க. மன உறுதியில வித்தியாசம் இல்ல, குறிச்சு வச்சதுல தான்.

இப்ப உங்க வீட்டுக்காரர் விஷயம். அவர் கெட்டவர் இல்ல, ஆனா என்ன செய்யணும்னு சொல்லுன்னு கேக்கறப்ப அவர் கையை மட்டும் தர்றார், தலையை தரல. நீங்க வேலைய பிரிச்சு குடுக்காதீங்க, ஆளை பிரிச்சு குடுங்க. "அத்தை குடும்பம், உங்க ஆபீஸ் ஆட்கள், விருந்தாளி படுக்கை, இந்த மூணும் முழுசா உங்களோடது. என்ன வாங்கணும்னு நினைக்கறதுலேர்ந்து பேக் பண்ணி குடுக்கற வரைக்கும் உங்களுது, என்கிட்ட கேக்க வேண்டாம், நானும் கேக்க மாட்டேன்." இதுல கஷ்டமான பாதி உங்களுது. அவர் வாங்கின சால்வை நிறம் உங்களுக்கு பிடிக்காம போகலாம், வாய திறக்கக்கூடாது. ஒரு தடவை "இதையா வாங்கினீங்க"ன்னு கேட்டா அந்த மூட்டை திரும்ப உங்க தலைக்கே வந்துடும்.

சின்ன பசங்களையும் ஒதுக்கி வைக்காதீங்க. நாலு வயசு குழந்தை டேப் ஒட்டினா கோணலா தான் ஒட்டும். பாட்டிக்கு அந்த கோணல் டேப் தான் பிடிக்கும்.

நான் காலேஜ் படிக்கிறேன் அக்கா. எனக்கு பிரஷர் இருந்தா தான் வேலை ஓடும். கடைசி நாள்ல தான் ஐடியாவே வரும். அப்புறம் எதுக்கு சீக்கிரம் ஆரம்பிக்கணும்?
(20 வயசு வாசகர்)

ப்பா, கெடு இருந்தா வேலை ஓடும்ங்கறது உண்மை தான், அதை நான் மறுக்கல. ஆனா கெடு தூரமா இருந்தா நிறைய நேரம் இருக்குன்னு அர்த்தம் இல்ல, மறந்து போக நிறைய நேரம் இருக்குன்னு அர்த்தம். சுசான் ஷு, அயலெட் நீஸின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2010ல இதை அழகா காட்டினாங்க. ஒரு பேக்கரி கூப்பன சில பேருக்கு மூணு வார கெடுவோட குடுத்தாங்க, சில பேருக்கு ரெண்டு மாச கெடுவோட. ரெண்டு மாசம் கிடைச்சவங்க தான் நாங்க நிச்சயம் போவோம்னு அதிகமா சொன்னாங்க. கடைசியில போனது அவங்கள்ல 6 சதவீதம் தான், மூணு வாரக்காரங்கள்ல 31 சதவீதம். இலவசமா கிடைக்கற, பிடிச்ச விஷயத்தையே இப்படின்னா, கூட்டத்துல முட்டி மோதி பரிசு வாங்குறது எந்த மூலைக்கு?

அதனால உனக்கு பிரஷர் வேணும்னா வச்சுக்க, ஆனா தேதிய முன்னாடி இழு. உனக்கு நீயே வச்ச தேதிய நீயே மீறிடுவ, அதனால அதுல இன்னொரு ஆளை சேத்துக்க. ஃப்ரெண்டுகிட்ட "20ஆம் தேதி சாயங்காலம் என் வீட்ல எல்லாரும் உக்காந்து பேக்கிங் பண்றோம், எல்லாரும் அவங்கவங்க வாங்கினத எடுத்துட்டு வரணும்"னு சொல்லிடு. நாலு பேர் வரும்போது நீ வெறுங்கையோட உக்கார முடியாது.

இன்னொன்னும் சொல்லணும், இது என் சொந்த விஷயம். நானும் உன் வயசுல, உன்னை மாதிரியே தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஒரு வருஷம் பண்டிகைக்கு முந்தின ராத்திரி கடை ஷட்டர் பாதி இறங்கினப்ப உள்ள ஓடிப்போய் அப்பாவுக்கு ஒரு சட்டை எடுத்தேன். அவர் சைஸ் இல்ல, அதுக்கு ஒரு சைஸ் கம்மி தான் இருந்துச்சு, பரவாயில்லன்னு எடுத்துட்டேன். காலையில அப்பா அதை போட்டுக்கிட்டு நல்லா இருக்கும்மான்னு சொன்னார், நாள் பூரா அதோடயே இருந்தார். நான் கவனிக்கவே இல்ல. ரொம்ப நாள் கழிச்சு அன்னைக்கு எடுத்த போட்டோவ பாத்தேன். கழுத்து பட்டன் போட முடியாம திறந்து கிடக்கு, கைய தூக்க முடியாம ஒரு பக்கமா ஒடுக்கி நிக்கிறார், சிரிச்சுக்கிட்டு. பிரஷர்ல எனக்கு ஐடியா வந்துச்சு தான். சைஸ் வரல. அந்த போட்டோவ இப்பவும் என்னால ரொம்ப நேரம் பாக்க முடியாது.

கடைசி நாள்ல உன் மூளை வேகமா ஓடும், ஒத்துக்கறேன். ஆனா அன்னைக்கு மிச்சம் இருக்கறது மத்தவங்க வேண்டாம்னு விட்டுட்டு போனது. அதுக்குள்ள தான் உன் மூளை ஓட முடியும்.

அக்கா, இன்னும் பத்து நாள் தான் இருக்கு. வீடு குப்பையா கிடக்கு, பதினாலு பேருக்கு பரிசு வாங்கணும், ஒன்னு கூட வாங்கல. என் மேலயே எனக்கு வெறுப்பா இருக்கு. திட்டிக்கிட்டே படுத்து கிடக்கேன். இனிமே என்ன செஞ்சு என்ன ஆகப்போகுது?
(பேர் இல்லாத கடிதம்)

முதல்ல அந்த திட்டறதை நிறுத்துங்க, ஆறுதலுக்காக சொல்லல, திட்டினா வேலை நடக்காதுங்கறதால சொல்றேன். கனடாவுல மைக்கேல் வோல், டிமதி பிச்சில், ஷானன் பென்னட் மூணு பேரும் 2010ல மாணவர்கள வச்சு செஞ்ச ஆய்வு ஒன்னு இருக்கு. முதல் பரீட்சைக்கு படிக்காம தள்ளிப்போட்டவங்கள்ல, சரி போகட்டும்னு தன்னையே மன்னிச்சுக்கிட்டவங்க அடுத்த பரீட்சைக்கு கம்மியா தள்ளிப்போட்டாங்க. மன்னிச்சா இன்னும் சோம்பல் வந்துடும்னு நாம நினைக்கறோம், நடந்தது வேற. திட்டு வாங்கின குழந்தை புத்தகத்தை பாத்தாலே ஓடுற மாதிரி, நீங்களும் அந்த லிஸ்ட்டை பாத்தாலே படுத்துக்கறீங்க. அதனால எழுந்திரிங்க, முகம் கழுவுங்க, போனது போச்சுன்னு வாய்விட்டு ஒரு தடவை சொல்லுங்க.

அடுத்து, லிஸ்ட்டை வெட்டணும். பதினாலு பேர் எல்லாரும் ஒரே மாதிரி இல்ல. பண்டிகை அன்னைக்கு நேர்ல பாக்கப்போற ஆட்கள் யார், அதுலயும் குழந்தைங்க யார், அதை மட்டும் வட்டம் போடுங்க. ஆறு ஏழு பேர் வருவாங்க. குழந்தைங்களுக்கு முதல்ல, அவங்களால தான் காத்திருக்க முடியாது. மிச்ச ஏழு எட்டு பேருக்கு லேட்டா குடுங்க. ஆமா, லேட்டாவே குடுங்க. அமெரிக்காவுல சமீபத்துல செஞ்ச ஆய்வுல, லேட்டா குடுத்தா உறவே கெட்டுடும்னு குடுக்கறவங்க பயப்படற அளவுக்கு வாங்கறவங்க அதை பெருசா எடுத்துக்கலன்னு தெரிஞ்சுது. ஒன்னுமே குடுக்காம விடறது தான் அதை விட அதிகமா வலிக்குதாம். அதனால அவங்களுக்கு இன்னைக்கே மெசேஜ் அனுப்பிடுங்க, "உனக்கு நல்லதா பாத்து வாங்கணும், பண்டிகை முடிஞ்சு நிதானமா கொண்டுட்டு வர்றேன், உக்காந்து பேசலாம்"னு. எழுதும்போதே ஒரு தேதியும் போட்டுடுங்க, தேதி போடலன்னா அதுவும் அடுத்த பண்டிகை வரைக்கும் போயிடும்.

வீடு. முழு வீட்டையும் சுத்தம் பண்ண இப்ப நேரம் இல்ல, வர்றவங்க உக்கார்ற அறை, பாத்ரூம், வாசல், இந்த மூணு போதும். மத்த அறை கதவை சாத்திடுங்க. உள்ள எப்படி இருக்குன்னு யாருக்கும் தெரிய வேண்டாம். பண்டிகை முடிஞ்சு ஒவ்வொன்னா பாத்துக்கலாம், இதை நான் சாக்கா சொல்லல, நிஜமாவே இப்ப அது வேலை இல்ல.

வேலைய பத்து நாளைக்கும் பங்கு போடாதீங்க. எட்டு நாளைக்கு போடுங்க. ரெண்டு நாள் காலியா விடுங்க, ஒருத்தருக்கு காய்ச்சல் வரும், ஒரு பார்சல் வராது, அது எதுன்னு இப்ப தெரியாது, ஆனா ஒன்னு வரும். ஒன்னும் வரலன்னா அந்த ரெண்டு நாள் தூங்குங்க.

இப்ப மணி என்னன்னு பாருங்க. கடை மூடறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் இருந்தா, வட்டம் போட்ட குழந்தைங்கள்ல சின்னது யாரோ அதோட அம்மாவுக்கு போன் போட்டு ஒன்னே ஒன்னு கேளுங்க, புள்ள இப்ப எதை வச்சு விளையாடிட்டு இருக்குன்னு. கேட்டுட்டு செருப்ப மாட்டிக்கிட்டு கிளம்புங்க. மிச்சத்தை வந்து பாத்துக்கலாம். அடுத்த இதழ்க்குள்ள எனக்கு எழுதுங்க, எது வாங்கினீங்க, எது விட்டுப்போச்சுன்னு ரெண்டையும் எழுதுங்க, நான் காத்திருப்பேன்.